ஒளி அடங்கட்டும் என்று காத்திருந்தவள்

காரஷோக்,
ஜனவரி 24

அன்பு மகள் ரவ்னாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், உன் அப்பா, ஆஸ்லாக் சித்தப்பா, நாய்கள் ஏழு, எல்லாரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருப்பதாக ஒவ்வொரு முறையும் ஒரே வரியில் எழுதி அனுப்புகிறாய். அந்த வரியை நான் நம்பவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன், அதுவரை நடுவில் எழுந்து போகாமல் முழுக்கப் படி. இதைப் போனில் சொன்னால் என்ன என்று அப்பா கேட்டார். போனில் நான் வாயைத் திறந்தால் மூன்றாவது நிமிடத்தில் அது திட்டாகிவிடும், உனக்கே தெரியும். தாளில் என்றால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதலாம். இதற்கு முன் இரண்டு தாள் அடுப்புக்குள் போய்விட்டன.

ஏழு வார இருட்டுக்கு அப்புறம் சூரியன் போன வாரம் திரும்பி வந்தது. தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள குன்றின் மேல் ஒரு கீற்று, பத்து நிமிடம்கூட இருக்காது, அதற்கே உன் அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று வழுக்கையைக் காய வைத்தார். அப்புறம் இரண்டு நாள் தும்மல். மேய்ச்சலில் பனி இறுகிக் கிடப்பதால் நம் பனிமான்களுக்குத் தீவனம் கொண்டுபோக வேண்டியிருக்கிறது, ஆஸ்லாக் பாதி நாள் அங்கேதான். நீ அனுப்பிய தேன் வந்து சேர்ந்தது. அப்பா அதைக் காபியில் கலந்து குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறார், அவருக்கு எதுதான் நன்றாக இல்லை. உன் தெற்குக் கோடியில் இப்போது வெயில் காலம் என்று எழுதியிருந்தாய், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வெளியே போ.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம். இது நடந்தது ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. துருவ ஒளி பார்க்கப் பணம் கட்டி வரும் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு நான் மேட்டு நிலத்துக்குப் போகத் தொடங்கியது நீ ஊரைவிட்டுப் போன பிறகு, அதனால் எல்லாவற்றையும் விளக்கித்தான் எழுத வேண்டியிருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு, அதாவது இருட்டிய பிறகு, இங்கிருந்து கிளம்புவோம். முன்னால் நான் ஒரு பனி ஸ்கூட்டரில், பின்னால் ஆஸ்லாக் ஒன்றில், இரண்டும் பின்னால் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு வரும், விருந்தாளிகள் அதில் மான் தோலைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து மணிக்கு ஆற்று மேட்டில் நம் பழைய கூடாரம் போட்டிருக்கும் இடம். அங்கே நெருப்பு, காபி, மான்கறிக் குழம்பு. வானம் கை கொடுத்தால் துருவ ஒளி. கை கொடுக்கவில்லை என்றால் குழம்பு மட்டும்.

கிளம்பும் முன் ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் ஆரஞ்சு நிற விசிலை மாட்டிவிடுவேன். வழி தப்பினால், விழுந்தால், வண்டி கவிழ்ந்தால் ஊதுங்கள் என்று சொல்வேன். அது சட்டப்படி சொல்ல வேண்டியது. அப்புறம் கூடாரத்தில் காபி ஊற்றும்போது இன்னொன்று சொல்வேன், அது நம் வீட்டுப்படி சொல்ல வேண்டியது. ஒளி வந்துவிட்டால் விளக்கை அணைத்துவிட வேண்டும், இன்ஜினை நிறுத்திவிட வேண்டும், கையை ஆட்டக் கூடாது, கத்தக் கூடாது, விசில் அடிக்கவே கூடாது, அடித்தால் அது இறங்கி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். இதைச் சொல்லும்போது விருந்தாளிகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் நான் சிரிப்பது மேலுக்கு என்று உனக்குத் தெரியும். அறுபத்து மூன்று வயதாகிறது, இன்றுவரை ஒளிக்குக் கீழே நின்று நான் ஒரு சத்தம் எழுப்பியதில்லை. இந்த இரண்டு பேச்சையும் ஐந்து குளிர்காலமாக ஒரே வாயால் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஒன்று இன்னொன்றை வெட்டுகிறது என்று ஒரு நாளும் எனக்கு உறைக்கவில்லை.

அன்றைக்குப் பத்துப் பேர். அதில் யெப்பே என்று டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு ஆள், முப்பது வயதிருக்கும், வாய் ஓயாதவன். இன்னொருத்தி ஹென்னி, ஹாலந்தில் ஏதோ ஒரு சின்ன ஊரில் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தனியாக வந்திருந்தாள். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள். யாருக்கும் தொந்தரவு ஆகிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடக்கிற பிறவி. வண்டியில் ஓரமாக உட்கார்ந்தாள், குழம்பு கடைசியில் வாங்கினாள், கிண்ணத்தைத் தானே பனியில் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆறு இருபதுக்கு ஒளி வந்தது. வந்தது என்றால் சும்மா வரவில்லை, வடக்கிலிருந்து கிழக்குவரை பச்சை எழுந்து எங்கள் தலைக்கு மேலே மடிந்து விழுந்தது, ஓரத்தில் சிவப்பு. எல்லாரும் வெளியே ஓடினார்கள், நான் விளக்கை அணைத்தேன். உடனே அந்த யெப்பே இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தானே பார்க்கணும். வரட்டும், யாரைத் தூக்குதுன்னு பார்க்கலாம் என்று வேறு சொன்னான்.

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியாது. அத்தனை பேர் முன்னால் அவனைக் கிழித்துவிட்டேன். உன்னை இங்கே யார் வருந்தி வருந்தி அழைச்சது, என் வீட்டு வானத்துக்குக் கீழே நின்னா என் பேச்சைக் கேட்டு நில்லு, எதுவானாலும் சரி, என்ன ஆனாலும் சரி, இதுக்குக் கீழே இன்னொரு விசில் சத்தம் கேட்டுது, இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன் என்றேன். எதுவானாலும் என்று சொன்னேன். அந்தச் சொல்லை அப்புறம் எத்தனையோ தடவை திரும்பிப் போய்ப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்ளப் பார்த்தேன். அவன் முகம் செத்துப்போய் நின்றான். அப்புறம் யாரும் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை. நான் மிகவும் திருப்தியாகக் கையைக் கட்டிக்கொண்டு மேலே பார்த்தேன்.

அரை மணி கழித்துக் காபிக்குக் கூப்பிட்டு எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன், ஆஸ்லாக்கையும் எண்ணச் சொன்னேன். ஹென்னி இல்லை. கூடாரத்தைச் சுற்றி, வண்டிகளுக்குப் பின்னால், விறகுக் குவியலுக்குப் பின்னால், எங்கும் இல்லை. ஒதுங்கப் போயிருப்பாள் என்று ஒரு பெண் சொன்னாள், கொஞ்சம் தள்ளிப் போகிறேன் என்று தன்னிடம் காதோடு சொன்னாளாம், அதுவே இருபது நிமிடத்துக்கு முன். மறைவாக ஓர் இடம் காட்டி வைத்திருக்கிறேன், அவளுக்கு அது போதவில்லை போலிருக்கிறது, கூச்சத்தில் இன்னும் தள்ளிப் போயிருக்கிறாள். விளக்கையெல்லாம் நான்தானே அணைத்து வைத்திருந்தேன், யாரும் எந்தப் பக்கம் போனாள் என்று பார்க்கவில்லை. குளிர் அப்போது பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து நான்கு பாகை, வானம் கண்ணாடி, ஆனால் தரையோடு தரையாகக் காற்று பனியை அள்ளிக்கொண்டு ஓடியது. காலடித்தடம் பத்துத் தப்படிக்கு மேல் இல்லை, மூடிவிட்டது.

வானொலிக் கருவியில் மீட்புக் குழுவுக்குச் சொன்னேன். கடற்கரையிலிருந்து ஹெலிகாப்டர் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். விருந்தாளிகளைக் கூடாரத்துக்குள் நெருப்பின் அருகில் உட்கார வைத்து, யாரும் இடத்தைவிட்டு அசையக் கூடாது என்றேன். ஆஸ்லாக் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குட்டைப் பிர்ச் மரங்கள் இருக்கும் கிழக்குப் பக்கம் போனான். நூறு தப்படிக்கு ஒரு முறை இன்ஜினை நிறுத்திக் காதைத் தீட்டிக் கேட்டான். நான் தெற்கே நடந்து விளக்கை வீசிக்கொண்டு போனேன். நடந்து போனேன் ரவ்னா, கூப்பிடவில்லை. இதை உனக்கு எழுதவே கை கூசுகிறது. தலைக்கு மேலே ஒளி நிற்கிறது, கீழே ஒரு மனுஷி குளிரில் விறைத்துக்கொண்டிருக்கிறாள், நான் வாயை இறுக மூடிக்கொண்டு தேடுகிறேன். விசில் வைத்திருக்கிறாளே, விழுந்திருந்தால் ஊதியிருப்பாளே, ஊதாததால் எங்கோ உட்கார்ந்து ஒளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் ஊதவில்லை என்றால் மயக்கமாகிக் கிடக்கிறாள் என்று ஆஸ்லாக் சொன்னான். இரண்டு பேருக்கும் மூன்றாவதாக ஒரு காரணம் தோன்றவே இல்லை.

அதைச் சொன்னவன் அந்த யெப்பே. நான் திரும்பி வந்தபோது மணி எட்டு ஆகப் போகிறது. அவன் கூடாரத்துக்கு வெளியே எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான். சொன்னால் மறுபடி திட்டுவேனோ என்று தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தான். "நீங்க என்னைத் திட்டினீங்களே, அதுக்கப்புறம் அந்தம்மா என்கிட்ட வந்து கேட்டாங்க, கழுத்துல இருக்கிறதைக்கூட ஊதக் கூடாதோன்னு. எனக்கு என்னங்க தெரியும், ஊதாதீங்க, என்னை மாதிரி வாங்கிக் கட்டிக்காதீங்கன்னு விளையாட்டாச் சொன்னேன். அவங்க விளையாட்டா எடுத்துக்கலை."

அவள் உயிரோடு, நினைவோடு, கழுத்தில் விசிலோடு எங்கேயோ கிடக்கிறாள், நான் ஊதக் கூடாது என்றதால் ஊதாமல் இருக்கிறாள். மேலே பார்த்தேன். ஒளி போகிற மாதிரி இல்லை, இன்னும் அகலமாகத்தான் விரித்துக்கொண்டிருந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அந்த நேரத்திலும் எனக்குப் பயம்தான் முதலில் வந்தது. சின்ன வயதில் ஒளிக்குக் கீழே என் அம்மா என் வாயைப் பொத்திய கை இன்னும் என் வாய்மேலேதான் இருந்திருக்கிறது. ஸ்கூட்டரில் மாட்டியிருந்த விசிலை எடுத்து வாயில் வைத்தேன், மூச்சு வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது. ஊதினேன். மூன்று முறை விட்டு மூன்று முறை. எதுவும் இறங்கி வரவில்லை. பதிலும் வரவில்லை. அப்புறம் விசிலை எறிந்துவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினேன். "ஹென்னி! ஊதுங்க! நான்தான் சொல்றேன், ரிஸ்டன் சொல்றேன், நான் சொன்னது தப்பு, ஊதுங்க!" விருந்தாளிகள் எல்லாரும் வெளியே வந்து அவர்களும் ஊதினார்கள், அந்த யெப்பே இரண்டு விரலை வைத்து அடித்தான், இந்தத் தடவை அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. அப்புறம் எல்லாரையும் நிறுத்தச் சொல்லிக் கேட்டோம்.

மேற்கே இருந்து வந்தது. நாங்கள் தேடாத பக்கம். குருவி கத்துகிற அளவுக்குத்தான், ஒரு முறை, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை. காற்று அந்தப் பக்கம் ஆற்றங்கரையில் பனியைக் கூரை விளிம்பாக நீட்டி வைத்திருந்தது, தரை என்று நினைத்து அதன் மேல் கால் வைத்திருக்கிறாள், உடைந்து அவளையும் கொண்டு மூன்று ஆள் ஆழம் கீழே போய்விட்டது. கணுக்கால் முறிந்திருந்தது. ஆஸ்லாக்கும் நானும் கயிறு கட்டி இறங்கியபோது ஒரு கையில் கையுறை இல்லை, உதடு நீலம் பாரித்திருந்தது, விசில் பல்லுக்கு இடையில் இருந்தது. ஒன்றே கால் மணி நேரம் அதை அப்படியே கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். எங்கள் விளக்கு வெளிச்சம் மேலே தூரத்தில் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மான் தோலில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு ஏன்மா ஊதவில்லை என்று கேட்டேன். பல் தந்தி அடித்தது, அதற்கு நடுவில் சொன்னாள். "ஒளி அடங்கட்டும், அப்புறம் ஊதிக்கலாம்னு பார்த்தேன். அடங்கவே இல்லை." கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க திட்டுவீங்கன்னு பயமா இருந்துது" என்றாள். சாகிற பயத்தைவிட நான் திட்டுவேன் என்கிற பயம் பெரிதாக இருந்திருக்கிறது, ரவ்னா.

ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போனது. பிழைத்துக்கொண்டாள், காலுக்கு உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள், வலது கையில் இரண்டு விரல் நுனி போகும் என்றார்கள், ஒன்றோடு தப்பித்தது. மறுநாள் காவலர் வந்து எழுதிக்கொள்ள உட்கார்ந்தபோது ஆஸ்லாக் என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய், அண்ணி, அந்தம்மா சொல்லாம கொள்ளாம போனாங்கன்னு மட்டும் சொல்லுங்க, அது பொய் இல்லையே என்றான். பொய் இல்லைதான். நான் வந்து உட்கார்ந்து தவறு என் வாயில் என்று சொல்லி முதலிலிருந்து சொன்னேன். அந்த ஆளும் நம் ஊர்க்காரர், விசிலும் ஒளியும் என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டார், தன் வீட்டிலும் அப்படித்தான் என்றார். அப்புறம்தான் எழுதினார். எதிர் வீட்டு இங்கர் மட்டும் கடையில் என்னைப் பார்த்து, வானத்தையே கூப்பிட்டுட்டியாமே, இன்னும் யாரும் வரலையா என்று கேட்டாள். வந்தால் முதலில் உன் வீட்டைக் காட்டிவிடுகிறேன் என்றேன். இப்போது கூடாரத்தில் நான் சொல்வதை மாற்றிவிட்டேன். சும்மா இருக்கும்போது சத்தம் போடாதீர்கள், ஆபத்து என்றால் வானமே கிழிந்தாலும் ஊதுங்கள் என்கிறேன். சொல்லிவிட்டு ஒவ்வொருவரையும் ஒரு தடவை ஊத வைக்கிறேன், நானும் ஊதுகிறேன். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது.

இப்போது உன் விஷயம். பன்னிரண்டு வயதில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்தாய். இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயும் கையுறையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாய், மூன்றாம் நாள் சாப்பாட்டில் கரண்டி நழுவியபோதுதான் தெரிந்தது. ஏன்டீ சொல்லவில்லை என்று அதற்கும் திட்டினேன். அழுத்தக்காரி என்று இருபது வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஹென்னியை மடியில் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அது யார் கொடுத்த அழுத்தம் என்று புரிந்தது. ஆறு மாதமாக உன் கடிதத்தில், உன்னோடு குடித்தனம் நடத்துகிற கேலம் பெயர் இல்லை. அதற்கு முன் அவன் வாங்கிய மீன்கூட எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் பொட்டலத்தின் பின்னால் வேறு முகவரி இருந்தது, மாற்றினாய் என்று நீ சொல்லவில்லை. போன முறை போனில் பேசும்போது பின்னால் யாரோ ஒரு பெண், நாலு பேர் சேர்ந்து குடியிருக்கும் வீட்டில் கேட்கிற மாதிரி, குளிர்பெட்டியில் இந்தத் தட்டு உன்னுடையதா என்று கேட்டாள், நீ டக்கென்று வைத்துவிட்டாய். அவளாகச் சொல்லும்போது சொல்லட்டும் என்கிறார் உன் அப்பா. நானும் அப்படித்தான் இருந்தேன், ஒன்பதாம் தேதிவரை. கூப்பிடவில்லை என்றால் நன்றாக இருக்கிறாள் என்று நினைத்து விளக்கை வீசிக்கொண்டு வேறு பக்கம் தேடிக்கொண்டிருந்தேன்.

எதையும் விவரமாக எழுது என்று கேட்கவில்லை. யார் பக்கம் தப்பு என்றும் கேட்கவில்லை, கேட்க நினைத்து எழுதிய தாள்தான் அடுப்புக்குள் போனது. ஹென்னி ஊருக்குப் போகும் முன் மருத்துவமனையில் தன் விசிலை என்னிடமே கொடுத்துவிட்டாள், பல் பதிந்த தடம் இருக்கிறது. அதை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அங்கேயும் தெற்கு வானத்தில் அந்த ஒளி வரும் என்று முன்பு ஒரு தடவை எழுதியிருந்தாய், வந்தால் வரட்டும், அதற்காகக் காத்திருக்காதே. எல்லாம் அடங்கட்டும் அப்புறம் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றும் காத்திருக்காதே, சில சமயம் அடங்குவதே இல்லை.

உன் அப்பா தன் ஆசிகளைச் சேர்த்து எழுதச் சொன்னார். சித்தப்பாவும் சொன்னான். கடவுள் உன்னைக் கண் மூடாமல் பார்த்துக்கொள்ளட்டும், வேளைக்குச் சாப்பிடு, கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக வருகிறது, உங்கள் வெயிலிலும் பத்திரமாக எடுத்து வை. இனிமேல் திட்டமாட்டேன் என்று சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை, செய்தாலும் நீ நம்பமாட்டாய். திட்டுவேன். விமானத்தில் ஏறி, இறங்கி, உன் வாசலுக்கு வந்து சேரும்வரை வழியெல்லாம் திட்டிக்கொண்டேதான் வருவேன். ஆனால் வருவேன். நீ ஊதினால் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரிஸ்டன்